முதல் ஊசி உபயம்

எங்கள் ஒன்றியத்தின் ஆண்டறிக்கையை நீங்கள் வாசித்திருக்க மாட்டீர்கள். வாசிக்க வேண்டிய அவசியமும் இல்லை, நானே சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டில் நடந்த கூட்டங்கள் நாற்பத்தொன்று. ஏற்றப்பட்ட குத்துவிளக்குகள் முப்பத்தெட்டு. மற்ற மூன்று நாளும் காற்று. போர்த்தப்பட்ட பொன்னாடைகள் நூற்றுப் பன்னிரண்டு. புற்றுநோய் ஆரம்பத்திலேயே கண்டறியப்பட்டவர் ஒருவர். அந்த ஒருவர் ஐயாத்துரை அண்ணை. அவரை ஒன்றியம் கண்டறியவில்லை, அவர்தான் தன்னைக் கண்டறிந்தார். ஆரம்பத்திலேயே கண்டறிந்தார் என்பதும் உண்மைதான். அதற்குப் பிறகு ஒரு வருடம் எங்கே போனது என்பதைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

ஒன்றியத்தின் முழுப்பெயர் தீவக ஆடவர் முன்கண்டறிதல் ஒன்றியம். புங்குடுதீவில், இறுப்பிட்டியில், ஒன்றியத் தலைவரான ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் சர்வேஸ்வரன் வீட்டு முன் அறையில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரார் சிலர் புரோஸ்டேட் புற்றுநோயால் அடுத்தடுத்துச் செத்துப்போனார்கள். ஐம்பது கடந்த ஆண்கள் வைத்தியரைக் கேட்டு ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் பல பேரைக் காப்பாற்றலாம் என்று அங்கே கண்டவர்கள், ஊரிலும் அதைச் செய்யுங்கள் என்று எழுதினார்கள். நல்ல எண்ணம். நல்ல எண்ணம் ஒன்று எங்கள் ஊருக்கு வந்தால் நாங்கள் முதலில் அதற்கு ஒரு தலைவரைத் தெரிவுசெய்வோம். பிறகு உபதலைவர்கள் நான்கு பேரை. அதற்குள் வந்த எண்ணம் களைத்துப்போய்விடும்.

எங்களுக்குத் திருவிழா நடத்தத் தெரியும். வேறு எதுவும் நடத்தத் தெரியாது. ஆகவே பரிசோதனையையும் திருவிழாவாகவே நடத்துவதென்று முதற்கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். பத்து நாள். முதல் நாள், இந்த நோய்க்குரிய நிறமான நீலத்தில் கொடியேற்றம். கோயிலில் ஒவ்வொரு திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயமாக இருப்பதுபோல, ஒவ்வொரு நாள் பரிசோதனையும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். உபயகாரருக்கே அன்றைய முதல் ஊசி. கோயிலில் காளாஞ்சி கொடுப்பதுபோல ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பஞ்சு எல்லாம் வைத்து, மேளம் முழங்கக் கொடுத்துவிட்டு, அதன்பிறகு விரலில் குத்துவது. அவருக்குக் குத்தும்வரை வேறு ஒருவருக்கும் குத்தக்கூடாது. ஒன்றியத்தின் யாப்புவிதிகளில் ஒன்பதாம் பிரிவு.

ஐயாத்துரை அண்ணைக்கு அறுபத்துநாலு வயது. ஒலிபெருக்கி வைத்திருக்கிறார். செத்தவீடு, திருவிழா, தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி வராத நாள், எதுவானாலும் எங்கள் தீவுக்கு அவருடைய குரல்தான் சொல்லும். என் ஓட்டோவின் கூரையில் இரண்டு குழாயைக் கட்டி, பின் ஆசனத்தில் அவர் இருந்து வாசிப்பார், நான் ஓட்டுவேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் எங்கள் தொழில். என் பெயர் சசிகரன், வயது ஐம்பத்தொன்று.

போன புரட்டாதியில் ஒன்றியத்தின் முதல் அறிவித்தல் வந்தது. அதிபர் தன் கையாலேயே எழுதியிருந்தார்.

"அன்பார்ந்த தீவக ஆடவர்களே! இரவில் மூன்று நான்கு தடவை எழும்புகிறீர்களா? அவசரமாகப் போயும் ஆரம்பிக்கத் தாமதமாகிறதா? ஆரம்பித்தால் விட்டு விட்டு வருகிறதா? முடிந்த பின்பும் முடியாததுபோல் இருக்கிறதா? இரத்தம் கலந்து போகிறதா? இடுப்பிலும் முதுகிலும் நோவு உண்டா? அப்படியாயின் தாமதியாதீர்கள்! இன்றே வாருங்கள்! ஆரம்பத்தில் கண்டால் அச்சமில்லை!"

என்ன போகிறது, எது வருகிறது என்று அதில் எங்கும் இல்லை. தெருவில் பெண்கள் நடமாடுவார்கள், இரண்டு கோயில் வாசலையும் கடந்து போகவேண்டும் என்று சொல்லி, சிறுநீர் என்ற அந்தச் சொல்லை ஒழுக்காற்று உபகுழு வெட்டிவிட்டது. இதனால் பாதிச் சனம் இது பஸ் சேவையைப் பற்றிய அறிவித்தல் என்றே நினைத்தது.

அண்ணை மூன்று நாள் வாசித்தார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, "சசி, ஒருக்கா நிப்பாட்டு" என்று இறங்கிப் பனை வடலிக்குப் பின்னால் போவார். போனால் திரும்பிவரச் சுணங்குவார். நான் ஓட்டோவில் இருந்து பகிடி விடுவேன். "அண்ணை, உங்களை ஏத்திக்கொண்டு திரியிறதிலும் பாக்க நான் தண்ணி பவுசரை ஓடலாம்" என்று ஒருநாள் சொன்னேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

மூன்றாம் நாள் பிற்பகல், நான்காவது கேள்வியில் குழாய் நின்றது. வயர் கழன்றுவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அண்ணை மைக்கைப் பிடித்தபடி கடுதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணை?"

"உதை மூண்டு நாளா வாசிக்கிறன், சசி. இப்பதான் எனக்குக் கேக்குது."

"என்ன கேக்குது?"

"உது என்னைப் பற்றியெல்லே எழுதிக் கிடக்கு. ஆறு கேள்வியில நாலு என்ர. ஐஞ்சாவதும் ஆறாவதும் மட்டும் இல்லை."

அன்றைக்கே அதிபரிடம் போனோம். அவர் கதிரையை விட்டு எழுந்து வந்து அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு மனம் குளிர்ந்துபோனது.

"மிக நல்லது! மிக மிக நல்லது! அறிவித்தல் பலன் தந்திட்டுது. மூண்டே நாளில! இதை இண்டைக்கே அறிக்கையில எழுதிப்போட வேணும்."

"அப்ப எனக்கு எப்ப சேர் சோதிப்பியள்?"

அதிபர் அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்தார். பத்து நாள் உபயகாரர், அவர்களின் உறவினர், பரிபாலனசபை, ஆலோசகர்கள், நலன்விரும்பிகள் என்று பக்கம் பக்கமாகப் புரட்டிக் கடைசித் தாளுக்கு வந்தார்.

"தொண்டர்கள். அறிவிப்பாளர், ஓட்டோ, தேத்தண்ணி. உங்களுக்குத் திருவிழா முடிஞ்ச மறுநாள். எங்கட கோயிலில எல்லாம் முடிய வைரவர் மடை வருமெல்லே, அந்த மாதிரி."

"திருவிழா எப்ப சேர்?"

"சுவிசில இருந்து சோதனைப் பெட்டி வந்த உடன."

அண்ணை கொஞ்சநேரம் தலையைச் சொறிந்தார். "இல்லை சேர், நான் பட்டணத்தில போய் ஒருக்காச் செய்விச்சுக்கொண்டு வந்தால் என்ன?"

அதிபருடைய முகம், பாடமாக்காத பிள்ளையைப் பார்க்கும் முகமாகிவிட்டது. "ஐயாத்துரை, நீர் வேற ஆள் எண்டால் நான் மறிக்க மாட்டன். நீர் எங்கட குரல். 'இங்க வாருங்கோ, இங்க வாருங்கோ' எண்டு கூப்பிடுற குரலே பட்டணத்துக்குப் போனால், பிறகு இங்க ஆர் வருவினம்? உமக்கு வந்திருக்கிறது உமக்கு மட்டும் வந்ததெண்டு நினையாதையும். அது இந்தத் தீவின்ர சொத்து."

தன் வயிற்றுக்குக் கீழே தீவின் சொத்து ஒன்று இருப்பது அண்ணைக்கு அதுவரை தெரியாது. பயபக்தியோடு வீட்டுக்குப் போனார்.

பெட்டி கார்த்திகையில் வந்தது. நூற்றைம்பது பேருக்கான சோதனைக் கருவிகள். விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் விட்டால், கால் மணித்தியாலத்தில் கோடு காட்டும்; கோடு காட்டினால் பட்டணத்துக்கு அனுப்பலாம். வாசலில் நிறைகுடம் வைத்து, ஆராத்தி எடுத்து, நாதஸ்வரத்தோடு மூன்று வட்டாரமும் சுற்றி, அலுமாரிக்குள் வைத்து மஞ்சள் நூல் கட்டினார்கள். அந்த ஊர்வலத்தையும் அண்ணைதான் முன்னால் அறிவித்துக்கொண்டு போனார். பெட்டிக்கும் அவருக்கும் இடையில் நாலு முழம் தூரம்கூட இல்லை.

அன்று மாலையே பிணக்கு தொடங்கியது. பெட்டி, காலஞ்சென்ற சண்முகரத்தினத்தின் ஞாபகார்த்தம். அவருக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். வாங்கி அனுப்பியவர் சுவிசிலிருக்கும் இளையவர். ஆனால் கோயிலில் முதலாம் திருவிழா உபயம் கனடாவிலிருக்கும் மூத்தவருடையது. அப்படியானால் முதல் ஊசி யாருக்கு? இரண்டு பேருமே இங்கே இல்லை என்பது ஒரு பிரச்சினையாக யாருக்கும் படவில்லை. மூத்தவருக்குப் பதிலாக நடராசா, இளையவருக்குப் பதிலாக ஜெயரூபன் என்று இரண்டு பிரதிநிதிகள் வந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு கதிரையில் இருந்தார்கள். கனடாவிலிருந்து சட்டத்தரணியின் கடிதம் வந்தது. சூமில் கூட்டம் வைத்தார்கள். சுவிசில் விடியும்போது கனடாவில் நித்திரை, கனடாவில் விடியும்போது இங்கே தலைவருக்குப் பின்னேர நித்திரை.

ஒன்றியம் நியமித்த தாதி நிலாந்தி மட்டும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சேர், இதில திகதி அடிச்சுக் கிடக்கு. வைகாசியோட முடியுது."

"வைகாசிக்கு இன்னும் எவ்வளவு காலம் கிடக்குப் பிள்ளை. இப்ப கார்த்திகைதானே?"

"ஐயாத்துரை ஐயாவுக்கு மட்டும் ஒண்டைக் குத்திப் பாக்கட்டோ? அவருக்கு..."

"ஒன்பதாம் பிரிவு" என்றார் அதிபர்.

நிலாந்தி வெளியே வந்து எங்களிடம் மெதுவாகச் சொன்னாள். "ஐயா, உதை நம்பி இருக்காதேங்கோ. உங்களுக்கு இருக்கிறது வெறும் வீக்கமாயும் இருக்கலாம், வேற மாதிரியும் இருக்கலாம். பாத்தால்தான் தெரியும். நாளைக்கே பட்டணம் போங்கோ. ஐஞ்சு நிமிச வேலை."

மறுநாள் அண்ணை காலை பஸ் எடுத்தார். பாலத்தில் ஏறியவுடன் அவருக்கு அவசரம் வந்தது. நயினாதீவுக் கோயிலுக்குப் போய்த் திரும்பும் சனம் பஸ்ஸை நிறைத்து நின்றது. நிற்பாட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இரண்டு பக்கமும் கடல், பாலத்தில் நிற்பாட்ட ஏலாது, வேலணைக்குப் போய் இறங்குங்கோ என்றார் நடத்துநர். வேலணைக்கு வரமுன்பே முடிந்துவிட்டது. இறங்கி, ஒரு வீட்டுக் கிணற்றில் வேட்டியை அலசி, ஈரத்தோடு உடுத்திக்கொண்டு திரும்பி வந்தார். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அவருடைய மனைவி சௌந்தரநாயகி அக்காதான் இரண்டு நாள் கழித்து வேலியோடு நின்று சொல்லி அழுதா.

"பஸ்ஸில இனி ஏற மாட்டாராம், சசி. செத்தாலும் ஏற மாட்டாராம்."

என் ஓட்டோ அவர்கள் வீட்டுப் படலைக்கு எதிரேதான் நிற்கும். நீ ஏன் கொண்டுபோகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பெட்டி ஊருக்கு வந்துவிட்டது, வாற கிழமை திறப்பார்கள், பிறகேன் பட்டணம் என்று நானும் இருந்துவிட்டேன். கார்த்திகையிலும் அது வாற கிழமையாக இருந்தது. தையிலும் அது வாற கிழமைதான். பங்குனியில் ஒருநாள் வடலிக்குப் பின்னாலிருந்து வந்த அண்ணை ஓட்டோவில் ஏறாமல் நின்றார்.

"ஐஞ்சாவதும் வந்திட்டுது, சசி."

நான் நேரே அதிபரிடம் போனேன். இரத்தம் போகுது சேர் என்றேன். அவர் உண்மையாகவே கலங்கிவிட்டார், கண்கூடக் கலங்கியது. உடனே அவசரக் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். வரவேற்புரை இல்லாமல் தொடங்கிய ஒரே கூட்டம் அதுதான். கொடியேற்றத்தைத் தள்ளிப்போடுவதில்லை என்று தீர்மானம் எடுத்தார்கள். சமரசமும் வந்தது. நடராசாவின் வலது கை, ஜெயரூபனின் இடது கை, ஒரே நேரத்தில் இரண்டு ஊசி. நல்ல நாளுக்கு ஐயரிடம் போனார்கள். சித்திரையில் நாள் சரியில்லை. வைகாசியில் பிரதம விருந்தினருக்கு வசதியில்லை. ஆனி ஐந்தாம் திகதி, காலை பதினொன்று பன்னிரண்டு என்று முடிவாயிற்று.

அன்றைக்கு வாசிகசாலை முன்றிலில் பந்தல். எட்டு மணிக்குச் சனம் வந்துவிட்டது. பிரதம விருந்தினரான மேலதிகப் பணிப்பாளர் ஒன்பதேகாலுக்கு வந்தார்.

"நோயை உரிய நேரத்தில் சந்திக்க வேண்டும்" என்றார் அவர். "இந்த விழாவுக்கு நான் மூன்று தடவை திகதி மாற்றினேன். உங்கள் தலைவர் மூன்று தடவையும் பொறுமையாக இருந்தார். அந்தப் பொறுமை இருந்தால் எந்த நோயையும் வெல்லலாம்."

அதிபர், தாமதம் உயிரைக் குடிக்கும் என்ற பொருளில் ஐம்பது நிமிடம் பேசினார். ஒவ்வொரு பேச்சாளரையும் அண்ணைதான் மேடை ஓரத்தில் நின்று அழைத்தார். இடையிடையே பந்தலுக்குப் பின்னால் ஓடி ஓடி வந்தார். மெலிந்துபோயிருந்தார், சேட்டுக் கழுத்து அகலமாக நின்றது. நான் அம்பிளிபயருக்குப் பக்கத்தில் இருந்தேன். அடுத்து ஆசியுரை என்று அவர் சொல்லவேண்டிய இடத்தில், கையிலிருந்த நிகழ்ச்சிநிரலை மடித்துச் சட்டைப்பைக்குள் வைப்பதைக் கண்டேன்.

"அன்பார்ந்த தீவக ஆடவர்களே" என்றார். அதே குரல், எல்லாச் செத்தவீட்டையும் சொன்ன குரல். "இரவில நாலு தடவையில்லை, நான் எட்டுத் தடவை எழும்புறன். போனால் நெருப்பாய் எரியுது. எனக்கு இரத்தம் போகுது. ஒன்பது மாசமாய்க் கேட்டுக்கொண்டு நிக்கிறன். அந்தா, அந்தப் பெட்டிக்குள்ளதான் கிடக்கு. ஐயாமாரே, உங்களைக் கும்பிட்டன், ஆரேன் ஒராள் எனக்கு அந்த ஊசியைக் குத்துங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு."

பந்தலில் ஊசி விழுந்தாலும் கேட்கும். பிறகு பிரதம விருந்தினர் கை தட்டினார். அதைக் கண்டு முன்வரிசை தட்டியது. பிறகு பந்தல் முழுவதும் தட்டியது.

"இல்லை, மெய்யாச் சொல்லுறன்! மெய்யா எனக்குத்தான்!" என்று அண்ணை கத்தினார்.

கைதட்டல் இரண்டு மடங்காயிற்று. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் சௌந்தரநாயகி அக்கா எழுந்து, "அது நடிப்பில்லை! அவர் என்ர மனுசன்! அவருக்கு ஏலாது!" என்று அலறியது எனக்குக் கேட்டது. பக்கத்திலிருந்த மனுசி அக்காவின் முதுகைத் தடவி, "குடுத்து வைச்சனீங்கள் அக்கா, எவ்வளவு தத்ரூபமாச் செய்யிறார்" என்றா. நான் கை தட்டவில்லை. அதைத் தவிர நானும் ஒன்றும் செய்யவில்லை.

அதிபர் ஓடிவந்து அண்ணைக்குப் பொன்னாடை போர்த்தினார். "இருபது வருடமாய் அறிவிப்பாளராய் அறிந்தோம், இன்று கலைஞராய் அறிந்தோம்" என்றார். அவருக்கு உண்மை தெரியும். ஆனாலும் அந்தக் கைதட்டலைக் கேட்டபிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதென்று நினைக்கிறேன்.

பதினொன்று பன்னிரண்டு. நாதஸ்வரம் கெட்டிமேளம். நிலாந்தி இரண்டு கையிலும் ஒவ்வொரு ஊசியோடு, கோலாட்டம் ஆட வந்தவள்போல நின்றாள். தட்டுகள் வந்தன. ஊசியை அருகில் கண்ட நடராசாவுக்கு வேர்த்தது. தட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, "ஊசியை மனசால ஏற்றுக்கொண்டிட்டன், பிள்ளை. அது காணும்" என்றார். அவர் குத்தவிடாத இடத்தில் ஜெயரூபன் குத்தவிட்டால், இளையவர் வீட்டுக்கு அது குறைவு. அவரும் மனசால ஏற்றுக்கொண்டார். ஒன்பதாம் பிரிவு நிறைவேறியதாகச் சபை ஏற்றது.

நிலாந்தி வேறு யாரையும் கேட்கவில்லை. "ஐயா, நீங்கள் வாங்கோ" என்று அண்ணையைக் கூப்பிட்டு, பெட்டியிலிருந்து ஒரு பொதியைக் கிழித்தாள். கிழித்தவள் அதைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

"திகதி முடிஞ்சுது ஐயா. போன மாசத்தோட. இதில என்ன காட்டினாலும் நம்பேலாது."

அதிபர் மைக்கை வாங்கி, புதுப் பெட்டி வரும்வரை இந்தப் பெட்டி ஞாபகார்த்தமாகக் கண்ணாடி அலுமாரியில் பேணப்படும் என்று அறிவித்தார். அதற்கும் கை தட்டினார்கள்.

அந்த ஆடி மாதம் முழுவதும், ஒன்றியத்தின் ஏற்பாட்டில், ஐயாத்துரை அண்ணை ஊர் ஊராக அதையே நடித்தார். நாரந்தனையில், நயினாதீவில், மூன்று பள்ளிக்கூடங்களில். "புதுப் பெட்டியின்ர முதல் ஊசி உமக்கு. உபயம் உம்முடைய பேரில. எழுதியே தாறன்" என்று அதிபர் கடிதத் தலைப்பில் எழுதிக் கொடுத்திருந்தார். அண்ணை அதைப் பொலித்தீனில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு திரிந்தார். அவருடைய குடும்பத்துக்குக் கோயிலில் ஒருநாளும் உபயம் இருந்ததில்லை. ஒவ்வொரு மேடையிலும் அதே சொற்களைச் சொல்லிக் கும்பிட்டார். ஒவ்வொரு மேடையிலும், சனத்தில் ஒரு வைத்தியரோ தாதியோ இருந்து தன்னை நம்பிவிடமாட்டாரா என்று முன்வரிசை முகங்களைப் பார்ப்பார். நன்றாகச் செய்கிறார் என்று பெயர் வந்தது. நாளுக்கு நாள் இன்னும் நன்றாகச் செய்தார்.

கடைசியாக நெடுந்தீவு. குறிகட்டுவானில் படகேறும்போதே அவரால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை, நானும் படகுக்காரரும் அள்ளி ஏற்றினோம். ஒரு மணித்தியாலம் கடலில் முதுகை வளைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். மேடையில் கதிரை போட்டார்கள். மைக்கைப் பிடித்தவர் சனத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் வயர் பிடித்து நின்ற என்னைப் பார்த்தார்.

"ஆறாவதும் வந்திட்டுது, சசி."

குழாயில் அது நெடுந்தீவு முழுவதும் கேட்டது. சனம் தட்டியது.

திரும்பி வந்து இறங்கியதும், பின்னேரம் இறுப்பிட்டியில் மீளாய்வுக் கூட்டம், நேரே வாங்கோ என்றார் கூட வந்திருந்த அதிபர். நான் அண்ணையை ஓட்டோவில் ஏற்றினேன். இறுப்பிட்டிக்குத் திரும்பும் முடக்கில் திரும்பவில்லை. பாலத்தில் ஏறினேன். அண்ணை பின்னாலிருந்து, "சசி, கூட்டமெல்லே" என்றார். பாலத்தில் இரண்டு தரம் நிற்பாட்டினேன். பின்னால் வந்த வாகனங்கள் கோர்ன் அடித்தன. அடிக்கட்டும் என்று நின்றேன். பாலத்தில் நிற்பாட்டலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு தாதிப் பிள்ளை அவருடைய கையில் பட்டியைக் கட்டி, இரத்தத்தை எடுத்து, பஞ்சை வைத்து அமத்திப் பிடியுங்கோ என்றாள். விளக்கு ஏற்றவில்லை. யாரும் யாரையும் வரவேற்கவில்லை. எனக்கும் ஐம்பது கடந்துவிட்டது, என்னையும் பார்க்க ஏலுமோ என்று வைத்தியரைக் கேட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகவில்லை. பஞ்சை அமத்தியபடி நான் வாங்குப் பலகையில் இருந்து அழுதேன். ஊசி நொந்ததென்று நினைத்த அந்தப் பிள்ளை, "இவ்வளவு பெரிய ஆள், ஒரு ஊசிக்கு அழுறியளோ" என்று சிரித்தாள்.

எனக்கு ஒன்றும் இல்லை. அண்ணைக்கு ஸ்கான், தசைத்துண்டுச் சோதனை என்று எல்லாம் முடிய நாலு கிழமை எடுத்தது. வைத்தியர் இளம் ஆள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முள்ளந்தண்டிலும் இடுப்பெலும்பிலும் இருந்த கறுப்புகளைக் காட்டினார். ஊசி மருந்தால் கொஞ்சக் காலம் அடக்கி வைக்கலாம், எடுத்துவிட ஏலாது என்றார். போன வருடம் வந்திருந்தால் வேறு கதை என்றும் சொன்னார்.

"இவ்வளவு குணம் குறி இருந்திருக்கே ஐயா. ஒரு வருசமா என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

"அறிவிச்சுக்கொண்டிருந்தனான்" என்றார் அண்ணை.

அதிபர் வீட்டுக்கு வந்தார். பொன்னாடை, பழத்தட்டு, கூடவே ஒலிப்பதிவு செய்ய ஒரு ஆள். ஒன்றியத்தால் கண்டறியப்பட்ட முதல் நபர் என்ற சான்றிதழைக் கட்டிலின் தலைமாட்டில் கொழுவினார். குசினிக்குள் நின்ற சௌந்தரநாயகி அக்கா வெளியே வரவேயில்லை. இனி உம்மால ஓட்டோவில இருக்க ஏலாது, குரலையாவது தாரும், இந்தப் புரட்டாதிக்கும் அறிவித்தல் வேணும் என்று அதிபர் கேட்டார். அண்ணை மறுக்கவில்லை. மூச்சு வாங்கி வாங்கி ஆறு கேள்வியையும் வாசித்தார். கடைசியில் தானாகவே ஒன்று சேர்த்தார். "ஒருத்தரையும் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. ஓட்டோவோ, படகோ, கிடைக்கிறதில ஏறி நேர பட்டணம் போங்கோ."

அந்தப் பகுதியைச் செயற்குழு வெட்டிவிட்டது. நேரம் காணாதாம்.

இந்தப் புரட்டாதியில் நான் தனியாக ஓட்டுகிறேன். பின் ஆசனத்தில் ஒலிப்பதிவை ஓட்டும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அதற்குள் அண்ணை இருக்கிறார். ஏன் இன்னும் ஓட்டுகிறாய் என்று மனைவி கேட்கிறாள். ஒவ்வொரு முறை அறிவித்தல் முடியும்போதும், வெட்டப்பட்டதை நான் வெளியே தலையை நீட்டி என் தொண்டையால் கத்துகிறேன். இதுவரை மூன்று பேர் என்னோடு பாலம் கடந்து போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஆண்டறிக்கையில் அவர்கள் வரமாட்டார்கள்.

அண்ணையின் படலைக்கு வந்தால் குழாயை நிற்பாட்டத்தான் நினைத்திருந்தேன். முதல்நாள் மறந்துபோனேன். ஜன்னல் திறந்திருந்தது. கட்டிலில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"இரவில் மூன்று நான்கு தடவை எழும்புகிறீர்களா?" என்றது அவருடைய குரல்.

"ஓம்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. என் கை குழாயை நிற்பாட்டும் ஆளியில் கிடந்தது. அமத்த முடியவில்லை.

ஆரம்பிக்கத் தாமதமாகிறதா? ஓம். விட்டு விட்டு வருகிறதா? ஓம். முடியாததுபோல் இருக்கிறதா? ஓம், ஓம். இரத்தத்துக்கும் ஓம் சொன்னார். நோவுக்குச் சொன்ன ஓம் மட்டும் சரியாகக் கேட்கவில்லை.

"அப்படியாயின் தாமதியாதீர்கள்! இன்றே வாருங்கள்!" என்றது குழாய், அவருடைய பழைய கம்பீரத்தோடு, தெரு முழுவதற்கும்.

"வந்தனான்" என்றார் ஐயாத்துரை அண்ணை.